அடி வாங்கின பக்கம்

“உப்பு ஜாஸ்தி. நான்தான் போட்டேன். சாப்டு.”

அந்த அக்கா என்னிடம் பேசிய முதல் மூன்று வாக்கியங்கள் இவைதான். கள்ளக்குறிச்சிப் பக்கம், வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சிற்றூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டு வீட்டில், முதல் நாள் மத்தியானச் சாப்பாடு. புளிக்குழம்பை வாயில் வைத்ததும் ஜீப் டிரைவர் முகத்தைச் சுளித்தார். சமைக்க வந்தவர் வேறு யாராக இருந்தாலும் தண்ணீர்மேலோ புளிமேலோ பழியைப் போட்டிருப்பார். இவர் குழம்புச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தப்பைத் தானே எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். வைத்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. நாங்கள் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டோம்.

நான் சின்னசேலம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். நிலவியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். அவர் வடக்கத்திக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘தண்ணி’, ‘போதும்’ இரண்டும்தான். எனவே மலையில் அவருடைய வாய் நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னை ‘டீச்சரு’ என்றுதான் கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

“கையில நோட்டு வெச்சிக்கினு எங்களயே பாத்துக்கினு இருக்கிற. பின்ன டீச்சரு இல்லாம இன்னா?”

கூப்பிடுவது டீச்சரு, பேசுவது நீ வா போ. அதில் எனக்கு வருத்தமில்லை. ‘வாங்க போங்க’ என்று குழைகிறவர்கள் சாயங்காலம் காணாமல் போவார்கள். இவர் விடிந்ததும் வாசலில் நிற்பார்.

இரண்டாம் நாளே அவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துபோயிற்று. பக்கத்துப் பலாத் தோட்டத்துக்காரர் காலையிலேயே வந்து கத்தினார். மூன்று பழம் காணவில்லையாம். எங்களைப் பார்த்துக் கத்துகிற சாக்கில் அக்காவுக்குக் கேட்கும்படி கத்தினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ரெண்டு நான்தான் எடுத்தேன். கீழ வுழுந்து நரி கொதறிக் கெடந்துச்சி. மூணாவது நான் இல்ல.”

“ரெண்டு எடுத்தவளுக்கு மூணாவது எடுக்கத் தெரியாதா?”

“எடுக்கத் தெரியும். எடுக்கல.”

தோட்டத்துக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். மூன்று என்று ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லு என்றார். எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது. ஒரு பழத்தில் என்ன இருக்கிறது, வேலை நேரம் போகிறதே என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டார்.

“ஒத்துக்க மாட்டேன்.”

அதுதான் அவருடைய சொல். தான் செய்ததைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். செய்யாததை எந்த மகராசன் வந்து கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் அவருக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். பழம் எடுத்தது குரங்கா மனிதனா என்று கடைசிவரை தெரியவில்லை. தோட்டத்துக்காரர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தால் வேலியைப் பார்த்துக்கொண்டே போவார்.

நாங்கள் அங்கே போனது சேறு எடுக்க. மலைமேல் இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். வருஷம் முழுக்க ஈரம் காயாது. அதில் ஆயிரம் ஆயிரம் வருஷமாகப் புல்லும் இலையும் மண்ணும் விழுந்து, அழுகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது. மேலே இருப்பது நேற்றையது, கீழே போகப் போகப் பழையது. ஒவ்வொரு படிவிலும் அந்தந்தக் காலத்து மகரந்தத் தூள் கெடாமல் இருக்கும். அதைக் கழுவி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தக் காலத்தில் இங்கே காடு இருந்ததா புல்வெளி இருந்ததா, மழை ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடலாம். சேற்றில் உள்ள கரியை வைத்து வயதும் கண்டுபிடிக்கலாம். இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். உச்சரிக்கும்போதே பெருமையாக இருக்கும் அந்த வார்த்தையையும் சொன்னேன்: பனியுகம்.

“இங்க ஐஸு இருந்துச்சா?”

“இங்க இல்லக்கா. ரொம்ப தூரத்துல, வடக்கயும் தெக்கயும் கோடியில. அங்க ஐஸு மலமலையா கட்டிக்கிச்சு. கடல் தண்ணியெல்லாம் அதுல போய் உறைஞ்சுபோச்சு. கடல் உள்வாங்கிச்சு. அதனால நம்ம பக்கம் மழ கொறஞ்சுபோச்சு. இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால.”

அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “ஐஸு எங்கியோ இருந்துச்சி. மழ இங்க நின்னுபோச்சி. அதானே?”

“அதான்.”

“அதுக்கு ஏன் ஐஸு இருக்கிற எடத்துக்குப் போவாம இங்க வந்து நோண்டற?”

அங்கேயும் ஆள் போய் ஐஸைத் துளைத்து எடுக்கிறார்கள், அதற்குள் பழங்காலத்துக் காற்றே குமிழாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அங்கே குளிர் எவ்வளவு என்பதை ஐஸ் சொல்லும், அதனால் இங்கே நமக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தச் சேறுதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். காற்றைப் பிடித்து வைத்திருக்கிற விஷயம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. மற்றதற்கெல்லாம் “சரி, சோறு ஆறுது” என்றுவிட்டார்.

சமையலுக்கு வந்தவர் மூன்றாம் நாளே குழியில் இறங்கிவிட்டார். கூலிக்கு வந்த நாலு பேரும் சேற்றைச் சிந்துவதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. வேலை இப்படி: பள்ளத்தில் குழி வெட்டி, தண்ணீரை இறைத்துவிட்டு, அரை மீட்டர் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். முழுக்க இறங்கியதும் சுற்றிலும் தோண்டி, அடியில் கையைக் கொடுத்து, உள்ளே இருக்கிற சேறு நழுவாமல் தூக்க வேண்டும். பிறகு அந்த ஆழத்திலிருந்து அடுத்த குழாய். அக்கா தூக்கினால் ஒரு சொட்டு சிந்தாது. இத்தனைக்கும் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது.

விரலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கீழே ஒரு ஜவ்வரிசி மில்லில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் போனது. அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கொண்டுவந்து கைநாட்டு வைக்கச் சொன்னார்களாம். கைநாட்டு வைத்தால் வேலை உண்டு என்றார்களாம்.

“கைய வுட்டது நான்தான். மெஷின நிறுத்தாம பேசிக்கினு இருந்தது நான் இல்ல. ரெண்டயும் எழுது, வெக்கிறேன்னேன். எழுதல. வந்துட்டேன்.”

அதற்கு அப்புறம்தான் எழுத்துக் கூட்டப் பழகினாராம். அடுத்த தரம் எவன் காகிதம் நீட்டினாலும் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க வேண்டுமே. அவருடைய எழுத்து ஒவ்வொன்றும் ஊன்றி நிற்கிற மாதிரி கோணலாக, பெரிதாக இருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். குழாயை வெளியே எடுத்துவிட்டால் எந்த முனை மேலே இருந்தது, எந்த முனை கீழே இருந்தது என்று தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி சேறு. எனவே எடுத்தவுடன் எழுதிவிட வேண்டும். நான் ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தேன். மேல் முனையில் ‘மு’, அதாவது முன்பக்கம். கீழ் முனையில் ‘பி’, பின்பக்கம். மேல், கீழ் என்றே எழுதித் தொலைத்திருக்கலாம். படித்தவளுக்கு அப்படிச் சுலபமாக எதுவும் தோன்றுவதில்லை. முதல் ஐந்து குழாய்களைக் கரையில் உட்கார்ந்து நானே வாங்கி, நானே எழுதிப் பெட்டியில் வைத்தேன். குழிக்குள் நின்ற அக்காவுக்கு நான் எந்த முனையில் எதை எழுதுகிறேன் என்று தெரிய வழியில்லை.

ஆறாவது குழாயின்போது எனக்குக் கால் பிசகிவிட்டது. தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார வைத்துவிட்டார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. குழி சரியப் பார்க்கிறது. அக்கா குழாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். நான் பேனாவை அவர் பக்கம் தூக்கி எறிந்தேன்.

“அக்கா, முன்பக்கத்துல மு போடுங்க! பின்பக்கத்துல பி!”

அவர் எழுதினார். மழையில், சேற்றுக் கையோடு, நுனியில்லாத விரலில் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். அந்த ஆறாவது குழாய்தான் எங்களுக்கு உயிர். பனியுகத்துச் சேறு அதில்தான் வந்திருக்க வேண்டும்.

சென்னையில் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் இரண்டு விரல் அகலம் அறுத்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சீவிப் பார்த்தோம். ஐந்து குழாய்வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. கீழே போகப் போக வயது கூடியது. ஆறாவதில் குழப்பம். மேல் முனைச் சேறு மூத்தது, கீழ் முனைச் சேறு இளையது. தலைகீழாகத் திருப்பினால் ஐந்தாவதோடு கச்சிதமாகச் சேர்ந்தது. திருப்பிவிடலாமே என்று ஒரு மாணவன் சொன்னபோது பேராசிரியர் கோபப்பட்டார். நமக்குப் பிடித்த விடை வருகிறது என்பதற்காகத் திருப்பினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, மோசடி என்றார். அவர் சொன்னது சரி. அப்புறம் குறிப்பேட்டில் அவர் எழுதியதுதான் சரியில்லை: கூலி ஆட்கள் குழாயைக் கலைத்துவிட்டார்கள், ஆறாவது குழாய் நிராகரிக்கப்படுகிறது.

மறுபடி எடுக்கலாம் என்றால் அந்தப் பள்ளத்தை நிலத்துக்காரர் அதற்குள் மண் போட்டு மூடி மரவள்ளி நட்டுவிட்டார். அடுத்த வருஷம் வேறொரு பள்ளம் தேடி மலைக்குப் போனோம். அதே ஓட்டு வீடு. அதே ஆட்கள். அக்கா குழாய்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். பேராசிரியர் எல்லாரையும் வாசலில் நிற்கவைத்துப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

“போன வருஷம் கடைசிக் குழாய நீங்க கலைச்சிட்டீங்கன்னு சார் சொல்றாரு. அதனால வேலயே கெட்டுப்போச்சாம். இந்த வருஷம் ஜாக்கிரதையா இருக்கணுமாம்.”

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் “மன்னிச்சுக்குங்க” என்றுகூடச் சொல்லிவிட்டார். அக்கா மட்டும் முன்னால் வந்தார்.

“யாரு கலைச்சது? அத தூக்கனது நான். எழுதனது நான். கலைக்கல. இன்னா கெட்டுப்போச்சின்னு சொல்லு.”

சொன்னேன். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் இருக்கிறது என்றேன்.

“நீ இன்னா சொன்ன அன்னிக்கி? முன்பக்கத்துல மு போடுன்ன. எது முன்ன பூமிக்குள்ள போச்சோ அதான முன்பக்கம்? பஸ்ஸு போவுதுன்னா அது மூஞ்சிதான முன்ன போவும்? அதுல மு போட்டேன். நீ சொன்னததான் செஞ்சேன்.”

முன்னால் போனது முன். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. நான் ‘முன்’ என்று நினைத்தது வேறு, சொல்லும்போது இரண்டுக்கும் ஒரே வார்த்தை. பேராசிரியர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அந்த வாரம்தான் என் உதவித்தொகையை நீட்டிக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கலைக்கவில்லை என்று சொல்கிறார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். ஒரு மனிதருக்கு வாயாகப் போன நான் இன்னொருவர் வாயை அடைத்துவிட்டேன். இதை இன்று எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் அவ்வளவு பேசியதற்கு நான் இவ்வளவுதான் பேசினேன் என்பது தெரியாமல் போகுமா?

“கொறச்சிட்ட” என்றார். “சரி. மத்தவங்க மாரி தலய ஆட்டு, வேலய பாரு, அதான? ஒத்துக்க மாட்டேன். ஒத்துக்கினு அந்தக் குழியில எறங்க மாட்டேன்.”

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பினார். பத்தடி போனவர் திரும்பினார்.

“எழுதனத நம்பாத, வுடு. சம்மட்டியால அடிச்சமே, கொழா மொனை பிஞ்சி வெள்ளையா பூத்துக்குமே, அத பாத்தியா? எது அடி வாங்குச்சோ அதான் மேலு. போய்ப் பாரு.”

அந்த வருஷம் வேலை ஒன்றும் உருப்படவில்லை. புதுப் பள்ளத்தில் ஒரு மீட்டரிலேயே பாறை தட்டிவிட்டது. வேறொருவர் சமைத்தார், சோற்றில் உப்பு சரியாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள் ஆய்வுக்கூடத்து அலமாரிகளைக் கிளறினேன். அறுத்து ஒதுக்கிய முனைகளை நாங்கள் எறிவதில்லை. ஒரு அட்டைப்பெட்டியில், பழைய சாக்குக்கு அடியில், பன்னிரண்டு வளையங்களும் கிடந்தன. முதல் ஐந்து குழாய்களிலும் ‘மு’ என்று என் குண்டு எழுத்து இருந்த வளையம்தான் விளிம்பு பிளந்து, வெளுத்து, பிசிர் பிசிராக இருந்தது. ‘பி’ வளையம் மழமழவென்று இருந்தது. ஆறாவதை எடுத்தேன். கோணலாக, பெரிதாக, ஊன்றி நிற்கும் ஒரு ‘மு’. விளிம்பைத் தடவினேன். மழமழ. ‘பி’ வளையத்தைத் தடவினேன். பிசிர் விரலில் குத்தியது.

யாரும் பார்க்காமல் பேராசிரியரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடுகிற கூட்டத்தில் பன்னிரண்டு வளையங்களையும் மேசைமேல் ஜோடி ஜோடியாக அடுக்கினேன். ஆறாவது குழாய் கலையவில்லை, எழுதியது அந்த அக்கா, எழுதச் சொன்னது நான், அவர் எழுதியதில் தவறே இல்லை, என் சொல்லில்தான் தவறு என்றேன். அன்றைக்கு வாசலில் அவர் சொன்னதை நான் முழுதாக மொழிபெயர்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

பேராசிரியர் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“பயம்” என்றேன்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து பழைய வரியை அடித்துவிட்டு, ஆறாவது குழாய் தலைகீழாகக் குறிக்கப்பட்டது, பதிவு செய்தவரின் பிழை என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினார். அச்சில் வரும்போதும் அப்படியே வரும் என்றார். வரட்டும் என்றேன். அந்தப் பெண்ணிடம் என் வருத்தத்தைச் சொல்லிவிடு என்றார்.

“அதை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன் சார். நீங்களே வந்து சொல்லுங்க.”

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தை மாதம் வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில் மலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு, வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அக்கா வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. முறத்தையும் நிறுத்தவில்லை.

பையிலிருந்து ஆறாவது குழாயின் இரண்டு வளையங்களையும் எடுத்து அவர் எதிரே வைத்தேன். எடுத்துப் பார்த்தார். தன் ‘மு’வை அடையாளம் தெரிந்துகொண்டார். மற்றதன் பிசிரை மொட்டை விரலால் தடவினார்.

“நீங்க சொன்னதுதான் சரிக்கா. அடி வாங்கினதுதான் மேல.”

“அது எனக்குத் தெரியுமே. அத சொல்லவா இம்மாந்தூரம் வந்த?” முறம் நின்றது. “யாரு எழுதச் சொன்னதுன்னு சொன்னியா?”

“சொன்னேன். நான்தான்னு சொன்னேன்.”

“அந்தச் சாருகிட்டயா?”

“எல்லார் முன்னாடியும்.”

“அன்னிக்கி நான் பேசனத கொறச்சியே, அது?”

“அதையும் சொன்னேன். சார் தை மாசம் வராரு. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னாரு.”

“வரட்டும். அங்க வாசல்ல நிக்கவெச்சி நாலு பேர் எதுரதான சொன்னாரு? அந்த நாலு பேரும் இருக்கும்போது சொல்லட்டும். இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்புமாக வெளியே வந்து, என் முன்னால் வைத்துவிட்டு, பழையபடி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“உப்பு கம்மி. நான்தான் போட்டேன். சாப்டு.”